வாடகை எழுதாத அறை: திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் மூன்று நாள்

அறை ஒதுக்கியிருப்பதாக வந்த மின்னஞ்சலில் எந்தத் தேதியில் வந்து சேர வேண்டும், எந்தத் தேதியில் காலி செய்ய வேண்டும் என்ற இரண்டும் தெளிவாக இருந்தன. வாடகை என்ற வரி மட்டும் எங்குமே இல்லை. மதுரையில் 22 ஆண்டுகளாகப் பிறர் கணக்கைத் தணிக்கை செய்து பிழைக்கிறவன் நான். தொகை எழுதாத தாளைக் கண்டால் கை தானாகவே சிவப்புப் பேனாவைத் தேடும். அந்த மின்னஞ்சலை இரண்டு தடவை படித்தும் விளங்காமல், முன்பே அங்கு போய் வந்திருந்த என் மைத்துனரைக் கேட்டேன். ஸ்ரீ ரமணாசிரமத்தில் தங்குவதற்கோ உண்பதற்கோ கட்டணம் கிடையாது, விரும்பினால் காணிக்கை செலுத்தலாம், அவ்வளவுதான் என்றார் அவர். விடுதியையும் சாப்பாட்டையும் மதிப்பிட்டு எழுதுவோம் என்றுதான் கிளம்பினேன். ரமண மகரிஷி என்ற துறவி இருந்து மறைந்த இடத்தை வெறும் விடுதியாக மதிப்பிட முடியாது என்பது இரண்டாம் நாளே புரிந்துவிட்டதால், இந்த மதிப்புரை நடுவில் கொஞ்சம் வேறு பக்கமும் போகும்.

நான் போனதற்கு ஒரு முன்கதை உண்டு. சென்ற ஆண்டு மலைவாசத்தலம் ஒன்றில் நடந்த நான்கு நாள் தியான முகாமுக்கு, பெயர் இங்கே வேண்டாம், 18,500 ரூபாய் கட்டிப் போயிருந்தேன். நுழைந்ததும் சந்தனம் வைத்துத் துணிப்பையும் டி-ஷர்ட்டும் தண்ணீர்ப் புட்டியும் கொடுத்தார்கள். மூன்றிலும் அந்த நிறுவனத்தின் முத்திரை இருந்தது. காலை ஐந்து மணி முதல் இரவு ஒன்பது மணி வரை ஒரு நிமிடமும் வீணாகாதபடி நிகழ்ச்சி நிரல் அமைத்திருந்தார்கள். அமைதியாக இருப்பதற்குக்கூட 25 நிமிடம் ஒதுக்கி, முடிந்ததும் மணி அடித்தார்கள். கடைசி நாள் மாலை ஆறு மணிக்குள் இரண்டாம் நிலைப் பயிற்சிக்குப் பணம் கட்டினால் 20 சதவீதம் தள்ளுபடி என்று அறிவித்தபோது, பக்கத்தில் கண்மூடி அமர்ந்திருந்த பெரியவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். ஊர் திரும்பியதும் கைப்பேசியில் தியான ஆப் ஒன்றுக்குச் சந்தா கட்டினேன். 41 நாள் தொடர்ந்து உட்கார்ந்ததற்கு அது என்னைப் பாராட்டியது. 42-ஆம் நாள் உட்காரத் தவறியபோது அழுத முகத்துடன் ஒரு படத்தை அனுப்பியது. வருமான வரிக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தபோதுகூட எனக்கு அத்தனை குற்ற உணர்ச்சி வந்ததில்லை.

மதுரையிலிருந்து விழுப்புரம் வரை ரயிலிலும், அங்கிருந்து பேருந்திலும் போனேன். இந்த வழியை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன்; காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆசிரமம் பெரிய கோவிலிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, செங்கம் சாலையில் இருக்கிறது. வாசலைத் தாண்டியதும் முற்றத்தில் மிகப் பழைய இலுப்பை மரம் ஒன்று நிற்கிறது. கூரைமேல் மயில்கள் இறக்கையை உதறிக்கொண்டிருந்தன. அலுவலகத்தில் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்கள். அறையில் கட்டில், மேசை, நாற்காலி, மின்விசிறி, ஒட்டினாற்போல் குளியலறை, சுவரில் ரமணரின் படம் ஆகியவை இருந்தன. தொலைக்காட்சி இல்லை. அலமாரிக்குள் வரவேற்புக் கடிதம் இல்லை. துவைத்துக் காய்ந்த விரிப்பு மொடமொடவென்று இருந்தது. விடுதி என்ற அளவில் சொல்வதற்கு இவ்வளவுதான். சுத்தம், போதுமான வெளிச்சம், குழாயைத் திருகினால் தண்ணீர்.

சாவி கொடுத்தவரிடம் “நிகழ்ச்சி நிரல் ஏதாவது உண்டுங்களா?” என்று கேட்டேன். “காலையில 7 மணிக்கு டிபன், 11.30-க்குச் சாப்பாடு, ராத்திரி 7.30-க்கு. மணி அடிக்கும் சார்” என்றார். வேறு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஒண்ணும் செய்ய வேண்டாம்” என்றார். காலையும் மாலையும் வேத பாராயணமும், மாலையில் தமிழ்ப் பாராயணமும் நடக்கின்றன, பூசை உண்டு, நூலகமும் புத்தகக் கடையும் உண்டு. எதற்கும் யாரும் வந்து அழைப்பதில்லை, வராதவரை ஏன் வரவில்லை என்று கேட்பதுமில்லை. வகுப்பு இல்லை, குரு இல்லை, நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று சொல்ல ஆள் இல்லை. முதல் நாள் மதியம் மூன்று மணிக்கு நான் அறைக்குள் நின்றுகொண்டு, இப்போது என்ன செய்வது என்று உண்மையாகவே திகைத்தேன். காசு கொடுத்துச் சென்ற முகாமில் இந்தத் திகைப்பு வராதபடி அவர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மதிய உணவு மணி அடிப்பதற்கு முன்பாக, வாசல் பக்கம் காவி உடுத்த சாதுக்களும் ஏழைகளும் பாத்திரங்களோடு வரிசையில் நிற்க, முதலில் அவர்களுக்கு அன்னமிடுகிறார்கள். ரமணர் இருந்த காலத்திலிருந்து வருகிற முறை இது. வெளியே காத்திருப்பவருக்குப் போட்ட பிறகுதான் உள்ளே பந்தி. அதன்பின் மணி அடித்ததும் கூடத்துக்குள் தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைப்பதற்குள் சாதம் வந்துவிட்டது. பரிமாறுகிறவர்கள் வாளியும் கரண்டியுமாக ஏறக்குறைய ஓட்டமாகவே வருகிறார்கள். பொரியல், கூட்டு, சாம்பார், ரசம், மோர். காரம் குறைவு, எண்ணெய் குறைவு. மதுரைக்காரன் நாக்குக்கு முதல் கவளம் சற்று மந்தமாகத்தான் இருந்தது; ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்ததால் பிழைத்தேன். என் இடப்பக்கம் இருந்த வெளிநாட்டுப் பெண் ரசத்தைச் சாதத்தில் குழி வெட்டித் தேக்கியதைப் பார்த்தால், அவர் இங்கு வருவது முதல் முறையாக இருக்க முடியாது. வலப்பக்கம் இருந்தவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். போதும் என்று இலைக்கு மேல் கையை நீட்டினால் கரண்டி அந்த அங்குலத்திலேயே நிற்கிறது. வற்புறுத்தல் இல்லை, உபசார வார்த்தை இல்லை. பந்தி முழுக்க இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

இந்தச் சமையலறைக்கு ஒரு வரலாறு உண்டு. ரமணர் பல ஆண்டுகள் விடியலுக்கு முன்பே எழுந்து வந்து காய் நறுக்கினார், சட்னி அரைத்தார், சமையல் செய்த பெண்களுக்குப் பக்குவம் சொல்லிக் கொடுத்தார். கத்தரிக்காய்க் காம்புகளைக்கூட எறிய விடாமல் சேர்த்து வைத்து அவற்றையும் ஒரு கறியாக்கினார் என்று அங்கே வேலை செய்த பெண்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். தரையில் சிந்திய அரிசியைப் பொறுக்கிப் பாத்திரத்தில் போட்டார். தமக்கென்று யாரேனும் கூடுதலாக எதையும் பரிமாறினால் அவருக்குக் கோபம் வந்துவிடும். எல்லோருக்கும் உண்டென்றால் எனக்கும், இல்லையென்றால் எனக்கும் வேண்டாம் என்பதே அவர் நிலை. அந்தக் காலத்தில் அதே கூடத்தில் பிராமணர் ஒரு பக்கமும் மற்றவர் ஒரு பக்கமுமாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள் என்பதையும், அவர் இரு பக்கத்துக்கும் பொதுவான இடத்தில் உட்கார்ந்து உண்டார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தடுப்பை அவர் ஒரே வார்த்தையில் எடுத்திருக்கலாமே என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. துறவிகளை வணங்குவதோடு நிறுத்திக்கொள்ளாமல் அவர்களிடம் கற்கப் போகிறவன், இப்படிப்பட்ட கேள்விகளையும் கூடவே எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

அவர் சொல்லிக் கொடுத்தது என்ன என்பதற்கு வருகிறேன். பழைய கூடம் என்று அழைக்கப்படும் சிறிய அறையில்தான் அவர் ஏறக்குறைய 20 ஆண்டுகள் சோபா ஒன்றில் அமர்ந்திருந்தார், அதிலேயே தூங்கினார். யாரும் எந்நேரமும் உள்ளே வரலாம் என்பதற்காகத் தமக்கென்று தனி அறை வைத்துக்கொள்ளவில்லை. இப்போது அந்தச் சோபாவில் அவருடைய படம் இருக்கிறது. முன்னால் தரையில் பத்துப் பதினைந்து பேர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒலிபெருக்கி இல்லை, பின்னணி இசை இல்லை. செங்கம் சாலையில் போகும் லாரியின் ஹாரன் மட்டும் நடுநடுவே கேட்கும். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஐந்தாவது நிமிடத்தில் வலது முழங்கால் வலித்தது. ஏழாவது நிமிடத்தில், அறையிலேயே விட்டு வந்த கைப்பேசி சட்டைப்பையில் அதிர்வது போலத் தோன்றி, கை தன்போக்கில் நெஞ்சைத் தடவிப் பார்த்தது. எதிரில் இருந்த பாட்டி கண்ணைத் திறக்காமலேயே இருந்தார். ஆனாலும் அவர் என்னைப் பார்த்துவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

அவருடைய உபதேசம் ஒரு சிறு நூலில் அடங்கிவிடுகிறது. 1902-இல், வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர், ரமணர் அப்போது மலைமேல் தங்கியிருந்த விருபாட்ச குகைக்குச் சென்று சில கேள்விகள் கேட்டார். அப்போது பேசாமல் இருந்த ரமணர் மணலிலும் சிலேட்டிலும் விடைகளை எழுதிக் காட்டினார். அந்தக் கேள்வி பதில்களே பிறகு ‘நான் யார்?’ என்ற பெயரில் அச்சாயின. புத்தகக் கடையில் அது மிகச் சிறிய விலைக்குக் கிடைக்கிறது. மூன்று நாளில் நான் பணம் கொடுத்து வாங்கிய முதல் பொருள் அதுதான். அதில் சொல்லியிருக்கும் முறை ஒரு தணிக்கையாளனுக்கு நன்றாகவே விளங்கும். எண்ணம் ஒன்று எழுந்தால் அதை விரட்டாதே, தொடர்ந்தும் போகாதே, ‘இது யாருக்கு எழுந்தது?’ என்று கேள். எனக்கு என்று பதில் வந்தால், அந்த நான் யார் என்று பார். செலவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று மேல்நோக்கிப் போவது போலத்தான். பிணம் சுடும் தடி பிணத்தை எல்லாம் கிளறி எரித்துவிட்டுக் கடைசியில் தானும் எரிந்துபோவது போல, நான் யார் என்ற எண்ணமும் மற்ற எண்ணங்களை அழித்துத் தானும் அழியும் என்கிறது நூல். சுடுகாட்டில் நின்று பார்த்த ஒருவனால்தான் இந்த உவமையைச் சொல்ல முடியும்.

நான் செய்து பார்த்தேன். அந்த வாரம் என் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்திருந்தது. பதில் தாக்கல் செய்யப் பதினொரு நாள் இருந்தது. அதில் ஒரு இணைப்புத் தாள் காணாமல் போயிருந்தது என் அலுவலகத்தின் தவறு. பழைய கூடத்தில் உட்கார்ந்தால் அந்த இணைப்புத் தாள்தான் முன்னால் வந்து நிற்கும். கவலை யாருக்கு என்று கேட்டேன். எனக்கு. நான் யார்? பதில் எதுவும் வரவில்லை, ஒளி எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கவலைக்கு அடுத்த வாக்கியம் கிடைக்காமல் போயிற்று, நான்கைந்து வினாடி. பிறகு லாரி ஹாரன், பிறகு மறுபடி இணைப்புத் தாள். மூன்று நாளில் எனக்குக் கிடைத்த ஆன்மிக அனுபவம் என்று நேர்மையாகச் சொல்லத்தக்கது இந்த நான்கைந்து வினாடிகள் மட்டுமே. அவை நாளுக்கு இரண்டு மூன்று முறை வந்தன. முகாமில் இதைவிடப் பெரிய பரவசம் வந்ததாகப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது, நிரப்பினேன்.

இனி, விழுப்புரம் வழியாகப் போன காரணம். ரமணர் என்று பிற்காலத்தில் அழைக்கப்பட்ட வேங்கடராமன், திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-இல் பிறந்து, மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் படித்த பையன். 1896 ஜூலையில், 16 வயதில், திடீரென்று மரண பயம் பிடித்துக்கொள்ள, பிணம் போலப் படுத்துச் சாவது எது என்று பார்த்தவன். ஆகஸ்ட் 29 அன்று இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுத வேண்டிய தண்டனையைப் பாதியில் போட்டுவிட்டு, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காக வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பினான். அந்தக் கடிதம் தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்தது. ‘நான்’ என்று தொடங்கி, இரண்டாம் வாக்கியத்திலேயே ‘இது’ என்று மாறி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வெறும் கோட்டோடு முடிகிறது. எல்லோரும் அந்த நான், இது, கோடு பற்றியே எழுதுகிறார்கள். என் தொழில் புத்திக்குப் பட்டது வேறு: உலகத்தை விட்டுப் போகிறவன், இன்னும் கல்லூரிச் சம்பளம் கட்டவில்லை, மீதி இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்று இருப்பைக் காட்டிவிட்டுப் போகிறான். இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு சுத்தமான முடிவுக் கணக்கை நான் பார்த்ததில்லை.

பழைய வரைபடத்தைப் பார்த்து, திருவண்ணாமலைக்கு அருகில் இருப்பது திண்டிவனம்தான் என்று எண்ணி, 2 ரூபாய் 13 அணாவுக்கு அந்த ஊருக்கே சீட்டு வாங்கினான். ரயிலில் எதிரில் இருந்த மௌலவி ஒருவர்தான் விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும் என்று சொன்னார். விழுப்புரத்தில் ஓர் உணவு விடுதியில் மதியம் வரை காத்திருந்து சாப்பிட்டுவிட்டுக் காசை நீட்டியபோது, உன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார் கடைக்காரர். இரண்டரை அணா என்று தெரிந்ததும் வாங்க மறுத்துவிட்டார். பெயர் தெரியாத அந்த விடுதிக்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்தாலும் தகும். நான் விழுப்புரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டு 60 ரூபாய் கொடுத்தேன். மீதிச் சில்லறைக்காகக் கொஞ்சம் நிற்கவும் செய்தேன்.

பிறகு அந்தப் பையன் நடந்தும், கீழூரில் காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தும், செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தான். மிச்சக் காசை அய்யங்குளத்தில் வீசினான். கோவிலுக்குள் நிலத்தடியில் இருக்கும் பாதாள லிங்கச் சந்நிதியின் இருட்டில் பூச்சிகள் கடித்துப் புண்ணாகியும் தெரியாமல் கிடந்தவனை வெளியே தூக்கி வந்தார்கள்; சிறுவர்கள் கல்லெறியாமல் காத்தவர்களில் அதே ஊரில் இருந்த துறவி சேஷாத்திரி சுவாமிகளும் ஒருவர். இந்தப் பகுதியைப் படித்துவிட்டு வேலையை ராஜினாமா செய்யத் துடிக்கிறவர்கள் உண்டு. ரமணரே பின்னாளில் இதைப் பெருமையாகப் பேசியதில்லை. சாப்பாடு வரவில்லை, சாப்பிடவில்லை, அதை உபவாசம் என்றார்கள். பேசத் தோன்றவில்லை, அதை மௌன விரதம் என்றார்கள் என்கிற தோரணையில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். குடும்பத்தை விட்டு வந்துவிடலாமா என்று கேட்டவர்களை அவர் ஊக்குவிக்கவும் இல்லை. காட்டுக்குப் போனாலும் மனம் கூடவேதானே வரும் என்பார். காவி உடுத்தாமல், முறையாகச் சந்நியாசமும் வாங்காமல், கோவணத்தோடும் கமண்டலத்தோடும் ஊன்றுகோலோடும் 54 ஆண்டு இருந்தவரின் வாயிலிருந்து இது வருவதால்தான் எனக்கு நம்பத் தோன்றுகிறது.

அவருடைய கிழிந்த துண்டைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. அன்பர்கள் பார்த்தால் புதிது வாங்கிவிடுவார்கள் என்பதற்காக, கந்தலான துண்டை மரத்துக்குப் பின்னால் மறைத்து உலர்த்துவாராம். கோவணம் கிழிந்தபோது முள்ளையே ஊசியாக்கி, அதே துணியிலிருந்து நூலை உருவி எடுத்துத் தைத்தாராம். குறைவான பொருளோடு வாழ்வது இப்போது நகரங்களில் ஒரு நாகரிகம். அதற்கென்று தனி அலமாரியும் ஒரே நிறப் பெட்டிகளும் விற்கிறார்கள்; என் மகள் கேட்டு நானே 3,400 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முள்ளால் தைத்தவருக்கு அது கொள்கையாக இருந்ததாகத் தெரியவில்லை. ஊசி கேட்டால் யாராவது கடைக்குப் போக வேண்டுமே, அது எதற்கு என்றுதான் நினைத்திருப்பார்.

இரண்டாம் நாள் காலை ஆசிரமத்தின் பின்வாசல் வழியாக மலையேறி ஸ்கந்தாசிரமத்துக்குப் போனேன். கல் பாவிய பாதை. நிதானமாக ஏறினால் அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். பாதித் தூரத்தில் திரும்பிப் பார்த்தால் அருணாசலேஸ்வரர் கோவிலின் நான்கு பெரிய கோபுரங்களும் சதுரமாக விரித்து வைத்த சொக்கட்டான் பலகை போலத் தெரிகின்றன. அந்தக் காட்சியில் நான் நின்ற நேரம் பார்த்து, குரங்கு ஒன்று பின்னாலிருந்து வந்து என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு பாறைமேல் ஏறிவிட்டது. பிஸ்கட் பாக்கெட் ஒன்றைக் கொடுத்துச் சமரசம் செய்ய ஒரு பெண்மணி உதவினார். கண்ணாடி திரும்பி வந்தது, ஒரு கால் இல்லாமல். மீதி நாட்களை நூல் கட்டிய கண்ணாடியோடுதான் கழித்தேன். ஆசிரம நாய்கூட ஒரு தடவை என்னை உற்றுப் பார்த்தது.

ஸ்கந்தாசிரமம் 1916 முதல் 1922 வரை அவர் இருந்த இடம். விட்டுவந்த தாய் அழகம்மாள் கடைசிக் காலத்தில் வந்து மகனோடு சேர்ந்து இருந்ததும் இங்கேதான். அப்பளம் இட உதவிக்குக் கூப்பிட்ட அம்மாவுக்கு, உளுந்து, பிரண்டைச் சாறு, உலக்கை எல்லாவற்றையும் ஞானத்துக்கு உவமையாக்கி அப்பளப் பாட்டு ஒன்றைப் பாடிக் கொடுத்தவர் அவர். அப்பளம் இட்டுக் கொடுத்தாரா என்று என் மனைவி பிற்பாடு கேட்டது நியாயமான கேள்வி. 1922 மே 19 அன்று அம்மா இறக்கும் வரை மணிக்கணக்காகக் கூடவே உட்கார்ந்து, நெஞ்சிலும் தலையிலும் கை வைத்திருந்தார். அந்தத் தாயின் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ஆசிரமம் எழும்பியது. அம்மாவை விட்டு ஓடிவந்தவன் அம்மா சமாதிக்குப் பக்கத்தில் குடியேறினான் என்பதை, துறவு என்றால் கையை உதறுவது என்று நினைக்கிறவர்கள் சற்று நின்று பார்க்கலாம். மலையடிவாரத்தில் லட்சுமி என்ற பசுவுக்கும், ஒரு மானுக்கும், காக்கைக்கும், நாய்க்கும் சமாதிகள் இருக்கின்றன. லட்சுமி இறந்தது 1948 ஜூன் 18-இல். தேதியைக் கல்லில் வைத்திருக்கிறார்கள்.

என்னைப் போல மதிப்புரை எழுதுகிறவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய சம்பவம் 1924-இல் நடந்தது. ஜூன் மாதத்தில் ஓர் இரவு திருடர்கள் ஆசிரமத்துக்குள் புகுந்து அங்கிருந்தவர்களை அடித்தார்கள். ரமணருக்கும் தொடையில் ஓர் அடி விழுந்தது. திருப்தியில்லை என்றால் இன்னொரு காலிலும் அடியுங்கள் என்றார் அவர். திருடிக்கொண்டு போக அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. கோபத்தில் கம்பியைத் தூக்கிய சீடரை அவர் தடுத்தார்; பல் நாக்கைக் கடித்துவிட்டால் பல்லை உடைத்தா எறிவோம் என்பது அவர் கேள்வி. அடிபட்டதா என்று பதறியவரிடம், எனக்கும் நல்ல பூசை கிடைத்தது என்றார். தமிழில் மட்டுமே சிரிக்கக்கூடிய சிரிப்பு அது. என் விஷயத்துக்கு வந்தால், சில ஆண்டுகளுக்கு முன் பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்தபோது இதே ஊரில் ஒரு தங்கும் விடுதி, முன்பதிவு செய்த தொகையை ஏற்காமல் மூன்று மடங்கு வாங்கியது. அன்று இரவே 700 வார்த்தையில் ஒற்றை நட்சத்திர மதிப்புரை எழுதிப் போட்டேன். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எழுதி முடித்தபின் 14 கிலோமீட்டர் நடந்ததில் மலையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எத்தனை பேர் படித்தார்கள் என்று கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அந்த மதிப்புரையை நான் நீக்கவில்லை; விடுதி வாங்கியது அநியாயம்தான். கோபம் யாருக்கு என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் அன்று எனக்கு இல்லை.

கையில் கட்டி வந்து, பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு, 1950 ஏப்ரல் 14 அன்று இரவு அவர் மறைந்த சிறிய அறையைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். வலி உச்சத்தில் இருந்தபோதும் தரிசனத்துக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. அந்த அறையின் முன் எனக்கு எழுதுவதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். அறைக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். நேரே போய்ச் சாவி கேட்டால் கிடைப்பது அரிது. பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் ஒட்டிய நாட்களில் ஊரே நிரம்பி வழியும், அமைதி தேடுகிறவர் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. ஆசிரமத்துக்கு வெளியே செங்கம் சாலையில் ருத்திராட்சக் கடையும், வெளிநாட்டு ரொட்டி சுடும் காபிக் கடையும், குறுகிய காலத்தில் ஞானம் தருவதாகச் சொல்லும் சுவரொட்டியும் அடுத்தடுத்து இருக்கும். உள்ளே கிடைக்காத நிகழ்ச்சி நிரல் அங்கே தாராளமாகக் கிடைக்கும். யாராவது கையைப் பிடித்து வழிநடத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஆசிரமம் ஏமாற்றமாக இருக்கலாம். கீழே உட்கார முடியாத முழங்கால் உள்ளவர்கள் சாப்பாட்டு ஏற்பாட்டைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். என் அப்பாவை அழைத்துப் போவேனா என்றால் போவேன். கல்லூரியில் படிக்கும் மகளை அவளாக விரும்பும் வரை அழைத்துப் போக மாட்டேன்.

கிளம்பும் நாள் காலையில் காணிக்கை விஷயம் என்னைப் படாத பாடு படுத்தியது. விலை சொல்லாத இடத்தில் எவ்வளவு கொடுப்பது? ஆறாவது படிக்கும் பையனைப் போல ஒரு தாளில் கணக்குப் போட்டேன்: அதே தரத்து விடுதிக்கு நாள் வாடகை 1,200, மூன்று நாள், சாப்பாடு, டிபன், காபி தனி. கூட்டி 5,130 என்று வந்தது. அதன் கீழே இரட்டைக் கோடு போட்டபோதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. வாசலில் பாத்திரத்தோடு நின்ற சாதுவுக்கும் எனக்கும் விழுந்தது ஒரே வாளிச் சாம்பார். அவர் பக்கத்துக் கணக்கில் எந்தத் தொகையை எழுதுவது? தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் ஒரு தொகையைக் கொடுத்தேன். அது 5,130 இல்லை, கூடவா குறைவா என்பதை இங்கே எழுதப் போவதில்லை. மேசைக்கு அப்பால் இருந்தவர் ரூபாயை எண்ணி ரசீது எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ஒரு குறி போட்டார். எனக்குப் பின்னால் கைப்பையோடு நின்றவர் அதற்குள் சாவிக்குக் கை நீட்டிவிட்டார்.

திரும்பி வந்த நான்காம் நாள் காணாமல் போன இணைப்புத் தாள் வேறொரு கோப்புக்குள் அகப்பட்டது. ஆப் சந்தாவை ரத்து செய்துவிட்டேன். போகாதீர்கள் என்று மூன்று முறை கேட்டது. ஸ்கந்தாசிரமம் போகிறவர்கள் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், மாற்றுக் கண்ணாடி ஒன்றும் கையில் இருக்கட்டும்.